கோத், ஹூணர், பிராங்க்: ரோமின் கடைசி நூற்றாண்டுகளில் யார் எந்த இனம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மேற்கு ரோமப் பேரரசின் முடிவைப் பற்றிப் படித்த எல்லோருக்கும் ஒரு வரைபடம் நினைவிருக்கும். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பல நிறங்களில் அம்புக்குறிகள் பாயும். ஒவ்வொரு அம்பின் மேலும் ஓர் இனத்தின் பெயர் இருக்கும். கோத், வாண்டல், ஹூணர், பிராங்க் என்று. நானும் அந்த வரைபடத்தை வைத்துத்தான் படித்தேன். அந்த அம்புக்குள் உண்மையில் யார் யார் நடந்தார்கள் என்று தேடத் தொடங்கி இப்போது பல வருடங்கள் ஆகின்றன. இந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

ஏறத்தாழ கி.பி. 250 முதல் 750 வரை. வரலாற்றாளர்கள் இதைப் பின்தொன்மைக் காலம் என்பார்கள். தன்யூப், ரைன் ஆறுகள்தான் அப்போது ஐரோப்பாவில் ரோமின் எல்லை.

பார்பரியர் என்றால் காட்டுமிராண்டி என்றுதானே அர்த்தம்?

தமிழில் அப்படித்தான் மொழிபெயர்த்து வந்திருக்கிறோம். அந்த மொழிபெயர்ப்பே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கிரேக்கத்தில் பார்பரோஸ் என்ற சொல் முதலில் பேச்சைக் குறித்தது. கிரேக்கம் தெரியாதவன் பேசுவது 'பர் பர்' என்று காதில் விழுகிறது, அவ்வளவுதான். மாளிகை கட்டி வாழ்ந்த பாரசீகரும் கிரேக்கருக்குப் பார்பரியர்தான்.

ரோமர்கள் இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டார்கள். 212இல் பேரரசர் கரகல்லா, பேரரசுக்குள் இருந்த சுதந்திர மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் குடியுரிமை கொடுத்தார். அதன்பின் கணக்கு எளிதாயிற்று. எல்லைக்கு உள்ளே இருப்பவன் ரோமன், வெளியே இருப்பவன் பார்பரியன்.

காகிதத்தில்தான் அது எளிது. நான்காம் நூற்றாண்டில் ரோமப் படையின் உயர் தளபதிகளில் பலர் பிராங்குகளும் கோத்துகளும். அவர்களில் ஒருவர் ஸ்டிலிகோ. அவருடைய தந்தை வாண்டல், தாய் ரோமப் பெண். பேரரசர் தியோடோசியஸின் அண்ணன் மகளை மணந்தவர் அவர். அவருடைய மகள்கள் இருவர் அடுத்தடுத்துப் பேரரசர் ஹொனோரியஸுக்கு மனைவிகளானார்கள். மேற்குப் பேரரசையே பத்து வருடங்களுக்கு மேல் தாங்கிப் பிடித்தவர். 408 ஆகஸ்டில் ராவென்னாவில் அவருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். அடுத்த வருடமே துறவி ஜெரோம் தன் கடிதத்தில் அவரை 'அரைப் பார்பரியத் துரோகி' என்று எழுதினார். அந்த வாண்டல் தந்தை ஸ்டிலிகோவுக்குப் பிறந்ததிலிருந்தே இருந்தார். ஆனால் அதை ஒரு குற்றமாக எடுத்துச் சொல்லும் நேரம் அவர் வீழ்ந்த பிறகு வந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் உண்டு. இன்றைய பிரான்ஸில் சியாக்ரியஸ் என்று ஒரு ரோமப் பிரபு. கொள்ளுத்தாத்தா ரோமின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றான கான்சலாக இருந்தவர். இவர் புர்குண்டியர் என்ற பார்பரிய மக்களின் மொழியை அப்படிக் கற்றுத் தேர்ந்துவிட்டார். அவர் எதிரே தங்கள் சொந்த மொழியிலேயே பிழை விட்டுவிடுவோமோ என்று புர்குண்டியர்கள் பயப்படுகிறார்களாம். அவருடைய நண்பர் சிடோனியஸ் ஒரு கடிதத்தில் இப்படிச் சொல்கிறார்.

கோத்துகள் ஒரே மூதாதையர் வழி வந்த இனம் இல்லையா?

அப்படி நினைக்க வைத்தவர்கள் அந்தக் காலத்து எழுத்தாளர்களே. 551 வாக்கில் ஜோர்டானெஸ் என்பவர் கிழக்கு ரோமத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் இருந்து கோத்துகளின் கதையை எழுதினார். ஸ்காண்ட்ஸா என்ற வடக்குத் தீவிலிருந்து, பெரிக் என்ற மன்னன் தலைமையில், மூன்றே கப்பல்களில் கோத்துகள் புறப்பட்டார்கள் என்கிறது அது. அவர் சொல்லும் காலத்துக்கும் அவர் எழுதிய காலத்துக்கும் நடுவே எத்தனையோ தலைமுறைகள். அரச குடும்பத்துக்கு நீண்ட, பெருமையான வம்சாவளி தேவைப்பட்ட நேரத்தில் உருவான கதை அது. 'ஒரே வேரிலிருந்து வந்தோம்' என்று சொல்லிக்கொள்வது அரசியலுக்கு எப்போதும் உதவும்.

அதற்காக வடக்கிலிருந்து யாருமே வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். போலந்தின் வீல்பார்க் பண்பாட்டுக்கும் உக்ரைன், மால்டோவா, ருமேனியா வரை பரவிய செர்னியாக்கிவ் பண்பாட்டுக்கும் தொடர்பு இருப்பதைத் தொல்லியல் காட்டுகிறது. ஆனால் அதே செர்னியாக்கிவ் இடுகாடுகளில் எரித்த உடல்களும் புதைத்த உடல்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. வீடு கட்டும் முறையும் ஒன்றாக இல்லை. வந்தவர்களும் ஏற்கெனவே இருந்தவர்களும் கலந்து வாழ்ந்த இடம் அது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் உல்ஃபிலா. கோத் மொழிக்கு எழுத்து அமைத்து, விவிலியத்தை அதில் மொழிபெயர்த்தவர். இன்று கோத் மொழி என்று நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் அவர் போட்ட பாதையில் வந்ததுதான். அவருடைய மூதாதையர் யார் தெரியுமா? மூன்றாம் நூற்றாண்டில் கோத்துகள் இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் உள்ள கப்படோசியாவைச் சூறையாடியபோது சிறைப்பிடித்துக்கொண்டு போன கிறிஸ்தவர்கள். உல்ஃபிலா என்றால் கோத் மொழியில் குட்டி ஓநாய். பெயரும் கோத், பேச்சும் கோத், குடும்பம் கப்படோசியா. அவரைக் கோத் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படியானால் ஒருவர் கோத் ஆவது எப்படி?

376இல் தொடங்குவோம். ஹூணர்களுக்குப் பயந்து தெர்விங்கி என்ற கோத் பிரிவினர் தன்யூப் கரையில் வந்து நின்று புகலிடம் கேட்டார்கள். பேரரசர் வாலன்ஸ் அனுமதித்தார். அவர்களுக்கு உணவு கொடுக்க வேண்டிய ரோம அதிகாரிகள் நாய்களைப் பிடித்து உணவாக விற்றார்கள். விலை, ஒரு நாய்க்கு ஓர் அடிமை. தலைவர்களின் பிள்ளைகளும் அப்படிப் போனார்கள். இதை எழுதி வைத்தவர் அம்மியானஸ் மார்செல்லினஸ். ரோமப் படையில் அதிகாரியாக இருந்தவர், கோத்துகளுக்குப் பரிந்து பேச அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

கலகம் வெடித்தது. யார் யார் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். ஏற்கெனவே ரோமுக்காகப் பணியாற்றிக்கொண்டிருந்த கோத் வீரர்கள், உள்ளூர் அதிகாரியோடு மோதல் வந்து இந்தப் பக்கம் வந்தார்கள். அடிமையாக விற்கப்பட்டவர்கள் தப்பி வந்தார்கள். வரிச்சுமை தாங்காத திரேஸ் பகுதித் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளும் வந்து சேர்ந்து வழி காட்டினார்கள். 378 ஆகஸ்ட் 9 அன்று அட்ரியானோபிள் போரில் ரோமப் படையில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. வாலன்ஸின் உடல் கிடைக்கவே இல்லை. அன்று வென்ற படையைக் கோத் படை என்கிறோம். அதற்குள் அந்தச் சுரங்கத் தொழிலாளிகளும் இருந்தார்கள்.

முப்பது வருடம் கழித்து மறுபடி இதே கதை. ஸ்டிலிகோ கொல்லப்பட்டதும், ரோமப் படையில் இருந்த பார்பரிய வீரர்களின் மனைவி மக்களை இத்தாலிய நகரங்களில் வெட்டிக் கொன்றார்கள். அந்த வீரர்கள் 30,000 பேர் கோத் தலைவர் அலாரிக்கிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் சோசிமஸ் எழுதுகிறார். எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம், நடந்தது நடந்ததுதான். அந்தக் குளிர்காலத்தில் ரோம் நகரத்து அடிமைகளும் கூட்டம் கூட்டமாக வெளியேறி அவரோடு சேர்ந்தார்கள். இந்த மக்கள்தான் பிறகு கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டில் தங்கி, ஸ்பெயினில் ஆண்டு, விசிகோத்துகள் என்று பெயர் பெற்றார்கள். அந்தப் பெயரே பின்னால் ஒட்டியது. தன்யூபைக் கடந்தவர்களில் எவரும் தன்னை விசிகோத் என்று சொல்லிக்கொண்டதில்லை.

அலாரிக் ரோமிடம் மிளகு கேட்டாராமே, உண்மையா?

உண்மைதான். 408இல் முற்றுகையை விலக்க அவர் வாங்கிய பட்டியல் இது. 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டாடைகள், செஞ்சாயம் ஏற்றிய 3,000 தோல்கள், 3,000 பவுண்டு மிளகு. மிளகு விளைந்தது நம் மேற்குக் கரையில், பழைய சேர நாட்டு மலைச்சரிவுகளில். செங்கடல் வழியாக எகிப்து போய் அங்கிருந்து ரோமுக்குப் போகும். அலாரிக்கின் ஆட்களுக்கு ரோமச் சமையலின் ருசி நன்றாகப் பழகியிருந்தது என்பதும் இந்தப் பட்டியலிலிருந்து தெரிகிறது.

ஹூணர்களாவது தனி இனமா?

449இல் பிரிஸ்கஸ் என்ற கிரேக்கர், கான்ஸ்டான்டிநோபிளின் தூதுக்குழுவோடு ஹூண மன்னர் அட்டிலாவின் முகாமுக்குப் போனார். அங்கே ஹூண உடையில், ஹூண முடிவெட்டோடு ஒருவர் வந்து கிரேக்கத்தில் வணக்கம் சொன்னார். பிரிஸ்கஸ் திகைத்துப்போனார். விசாரித்தால், தன்யூப் கரையில் விமினாசியம் என்ற ஊரில் வியாபாரம் செய்து செல்வம் சேர்த்தவர். ஊர் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, அட்டிலாவின் தளபதி ஒனெகெசியஸின் பங்குக்கு வந்தார். அவரோடு போருக்குப் போனார், ரோமர்களையும் எதிர்த்துப் போரிட்டார். கொள்ளையில் கிடைத்த பங்கைக் கொடுத்து விடுதலை வாங்கினார். இப்போது ஹூணர்கள் பக்கத்துப் பெண்ணை மணந்து, பிள்ளை குட்டிகளோடு, எஜமானரின் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ரோமில் இருந்ததைவிட இங்கே வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்றார். அங்கே வரி, நீதிமன்றத்தில் லஞ்சம், ஏழைக்கு நியாயம் இல்லை. பிரிஸ்கஸ் ரோமச் சட்டங்களை எடுத்துச் சொல்லி வாதாடினார். கடைசியில் அந்த வியாபாரி அழுதுவிட்டு, சட்டங்கள் நல்லவைதான், ஆள்பவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்றாராம்.

அந்த அழுகையைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். உடை மாறிவிட்டது, குடும்பம் மாறிவிட்டது, கை தூக்கிய பக்கமும் மாறிவிட்டது. உள்ளே ஏதோ ஒன்று மாறாமல் கிடந்திருக்கிறது. அவர் ஹூணரா, கிரேக்கரா, ரோமரா என்று ஒரே சொல்லில் பதில் கேட்டால் அவரே தடுமாறியிருப்பார்.

அட்டிலாவின் சபையில் ஹூண மொழி, கோத் மொழி, லத்தீன் மூன்றும் புழங்கின என்றும் பிரிஸ்கஸ் சொல்கிறார். அட்டிலா என்ற பெயரையே கோத் மொழியில் 'சின்ன அப்பா' என்று பொருள்கொள்வார்கள் பல மொழியியலாளர்கள். அவருடைய செயலர் ஒரெஸ்டெஸ் ரோமர். நம்பிக்கைக்குரிய தூதர் எடெகோ. இருவரும் 449இல் ஒன்றாகக் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தூது போனவர்கள். 476இல் மேற்கின் கடைசிப் பேரரசராக இருந்த சிறுவன் ரோமுலஸ், ஒரெஸ்டெஸின் மகன். அவனைப் பதவியிலிருந்து இறக்கிய ஒடோவாக்கரை எடெகோவின் மகன் என்றே பெரும்பாலான வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். அந்த ஒடோவாக்கர் எந்த இனம்? ஒரு மூலம் ருகியர் என்கிறது, இன்னொன்று ஸ்கிரி என்கிறது, கோத் என்று எழுதியவர்களும் உண்டு. அவருடைய படையில் எல்லோரும் இருந்தார்கள். யார் எழுதினாலும் ஏதோ ஒரு பெயர் பொருந்தியது.

உடை, நகை, கல்லறை இவற்றை வைத்து இனத்தைச் சொல்லிவிடலாமா?

முன்பு அப்படித்தான் செய்தார்கள். இந்த வகை உடை ஊசி கிடைத்தால் கோத் பெண், அந்த வகைக் கோடரி கிடைத்தால் பிராங்க் ஆண் என்று. 1653இல் பெல்ஜியத்தின் தூர்னே நகரில் பிராங்க் மன்னர் கில்டெரிக்கின் கல்லறை கிடைத்தது. 481 வாக்கில் இறந்தவர். நீண்ட முடி, கையில் ஈட்டி என்று அவருடைய முத்திரை மோதிரத்தில் உருவம். சுற்றிலும் லத்தீன் எழுத்து. மேலங்கியைப் பிணைக்கும் தங்க ஊசி ரோம அதிகாரிகள் அணிவது. பக்கத்திலேயே குதிரைகளைக் கூட்டமாகப் புதைத்த குழிகள். அது ரோமருக்கு முற்றிலும் அந்நியமான வழக்கம். ஒரே மனிதர், ஒரே சவ அடக்கம். எந்தப் பொருளைப் பார்த்து எந்த இனம் என்று எழுதுவது?

மரபணு ஆய்வு வந்த பிறகு இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை. ஆனால் நான் எதிர்பார்க்காத விதத்தில் சுவையாகிவிட்டது.

ஹங்கேரியின் ஸோலாட், இத்தாலியின் கொலெக்னோ என்ற இரண்டு இடங்களில், லொம்பார்டு என்ற பார்பரிய மக்கள் காலத்து இடுகாடுகளில் 63 பேரின் மரபணுவை ஆராய்ந்து 2018இல் முடிவுகள் வந்தன. வட, நடு ஐரோப்பிய வழியினரும் தெற்கு ஐரோப்பிய வழியினரும் ஒரே இடுகாட்டில் கிடந்தார்கள். வடக்கத்தியரின் குழிகளில் பொருள்கள் கூடுதல். அதாவது குடிபெயர்வு நடந்திருக்கிறது, அது சமூக நிலையிலும் தெரிந்திருக்கிறது. இனமெல்லாம் வெறும் பேச்சு என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

2025இல் வந்த இன்னோர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. வியன்னாவுக்குத் தெற்கே மோட்லிங், லியோபெர்ஸ்டார்ஃப் என்று ஒன்றுக்கொன்று அருகில் இரண்டு இடுகாடுகள். இரண்டும் கிழக்கிலிருந்து வந்த அவார்கள் என்ற மக்களின் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்தவை. எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். லியோபெர்ஸ்டார்ஃபில் கிழக்காசிய வழியினரே அதிகம், மோட்லிங்கில் ஐரோப்பிய வழியினர். பல தலைமுறைகள் ஒருவரோடு ஒருவர் பெண் கொடுத்து எடுக்கவே இல்லை. ஆனால் இடுப்புக் கச்சை, நகை, புதைக்கும் முறை என எதை எடுத்தாலும் இரண்டு ஊரும் ஒன்றுதான். மரபணுவைப் பார்க்காமல் யாரும் வித்தியாசம் சொல்லியிருக்க முடியாது. இவர்கள் இரு ஊராரும் தங்களை அவார்கள் என்றே கருதியிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

எலும்புக்குள் இருப்பது எந்த மூதாதையர் என்று மரபணு சொல்லும். அந்த மனிதர் தன்னை என்ன பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார் என்பது அதில் இல்லை.

அவர்களே தங்களைப் பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லையா?

மிகக் குறைவு. அந்தக் குறைவில் ஒரு வரி மறக்க முடியாதது. புடாபெஸ்ட் இருக்கும் இடத்தில் அன்று அக்வின்கம் என்ற ரோம நகரம். அங்கே கிடைத்த கல்லறைக் கல்லில் லத்தீனில் இருப்பது: "பிராங்க் குடிமகன் நான், ஆயுதம் ஏந்திய ரோம வீரன்." குடிமகன் என்பது ரோமர்களின் சட்டச் சொல். அதை எடுத்துப் பிராங்க் என்பதோடு சேர்த்துக்கொண்டார் அவர். அவருக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை.

சட்டம் என்ன சொன்னது?

இங்கேதான் இனப்பெயர் காசாக மாறுகிறது. பிராங்குகளின் ஆறாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சாலிக் சட்டத்தில், சுதந்திரமான பிராங்க் ஒருவனைக் கொன்றால் இழப்பீடு 200 சொலிடஸ் பொற்காசு. நிலம் வைத்திருக்கும் ரோமனுக்கு 100. அதே சட்டத்தில், மன்னரின் பந்தியில் இடம் பெற்ற ரோமனுக்கு 300, மன்னரின் நேரடிக் காவலில் உள்ள பிராங்குக்கு 600. இனம் ஒரு விலை வைத்தது, அரசனோடு இருந்த நெருக்கம் அதை மாற்றியது. உங்கள் உயிரின் விலையே இரட்டிப்பாகும் என்றால் நீங்கள் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பீர்கள்? சில தலைமுறைகளில் லுவார் ஆற்றுக்கு வடக்கே ஏறக்குறைய எல்லோருமே பிராங்குகள் ஆகிவிட்டார்கள்.

இத்தாலியில் கோத் மன்னர் தியோடோரிக் ஆண்டபோது (493 முதல் 526 வரை) வேறு ஏற்பாடு. படை கோத்துகளுக்கு, நிர்வாகமும் வரியும் ரோமர்களுக்கு. "ஏழை ரோமன் கோத்தைப் போல நடிக்கிறான், வசதியான கோத் ரோமனைப் போல நடிக்கிறான்" என்று அவர் சொன்னதாக ஒரு பழைய வரலாற்றுக் குறிப்பு இருக்கிறது. அவரே சிறுவயதில் பத்து வருடம் கான்ஸ்டான்டிநோபிளில் பிணையாக வளர்ந்தவர், 484இல் கான்சல் பதவி வகித்தவர்.

அப்போ இனம் என்பதே கற்பனை என்கிறீர்களா?

இல்லை. தியோடோரிக்கோடு இத்தாலிக்கு வந்தவர்களில் ருகியர் என்ற சிறு கூட்டம் இருந்தது. வெளியே பெண் எடுக்காமல் தங்கள் பெயரைக் காப்பாற்றிவந்தார்கள் என்று ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதுகிறார். அரை நூற்றாண்டு கழித்து, 541இல், கோத்துகள் தடுமாறிய நேரத்தில் தங்கள் ஆள் எராரிக்கை மன்னராக அறிவித்தார்கள். ஐந்து மாதம்தான் நிலைத்தார். ஆனாலும் அவ்வளவு காலம் அந்தப் பெயரைக் காத்தது சாதாரணமில்லை.

அறிஞர்கள் இதில் இன்னும் சண்டை போடுகிறார்கள். 1961இல் ராய்ன்ஹார்ட் வென்ஸ்குஸ், ஒரு சிறிய மையக் கூட்டம் பழங்கதைகளைச் சுமந்து வந்தது, மற்றவர்கள் அதைச் சுற்றிச் சேர்ந்தார்கள் என்றார். வியன்னாவில் ஹெர்விக் வோல்ஃப்ராம், வால்டர் போல் (Pohl) என்ற இருவரும் அதை வளர்த்து மாற்றினார்கள். வால்டர் கோஃபார்ட் அந்தப் பழங்கதைகளை நம்பவே மறுத்தார். பீட்டர் ஹீதர், சிறு மையமல்ல, சுதந்திர வீரர்களின் பெரிய திரளே கோத் அடையாளத்தைத் தாங்கியது என்கிறார். அட்ரியானோபிள் காலத்துக்கு ஹீதர் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நாயை வாங்கப் பிள்ளையைக் கொடுத்தவர்களுக்கு, தாங்கள் யார் என்று சொல்ல ராஜ வம்சக் கதை தேவைப்பட்டிருக்காது.

பழைய கதைக்காக இவ்வளவு வாதம் எதற்கு?

இந்தக் கதையை வைத்து நிஜமாகவே நாடு பிடித்தார்கள் என்பதால். குஸ்டாஃப் கோசின்னா (1858–1931) என்ற ஜெர்மன் தொல்லியலாளர், ஒரு வகைப் பானை எங்கே கிடைக்கிறதோ அங்கே ஒரே இனம் வாழ்ந்தது என்று எழுதினார். நாஜிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1939இல் போலந்தின் கிடினியா துறைமுகத்தைக் கைப்பற்றியதும் 'கோத்துகளின் துறைமுகம்' என்று பெயர் மாற்றினார்கள். அங்கே வாழ்ந்த போலந்து மக்களை வீடுகளிலிருந்து துரத்தினார்கள். கிரிமியாவின் செவஸ்தபோலுக்குத் தியோடோரிக்கின் பெயரை வைக்கவும் திட்டம் இருந்தது.

கடைசியில் கோத்துகள் என்ன ஆனார்கள்?

இத்தாலியில் அவர்களின் அரசு 550களில் போரில் அழிந்தது. ஸ்பெயினில் 587இல் மன்னர் ரெக்கரெட், ஆரியஸ் என்ற மதகுருவின் வழிவந்த கிறிஸ்தவத்தை விட்டுக் கத்தோலிக்கத்துக்கு மாறினார். அதன் பிறகு கோத்தையும் ரோமனையும் பிரித்துக்காட்டிய பெரிய வேலி போய்விட்டது. காலப்போக்கில் கலந்துவிட்டார்கள்.

ஆனால் கிரிமியாவில் ஒரு சிறு கூட்டம் அந்த மொழியை இன்னும் ஆயிரம் வருடம் பேசியது. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில், கான்ஸ்டான்டிநோபிளில் ஹாப்ஸ்பர்க் தூதராக இருந்த பூஸ்பெக் அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, கிரிமியாவிலிருந்து வந்த இருவரை விருந்துக்கு அழைத்தார். ஒருவர் நல்ல உயரம், பார்த்தால் பிளாண்டர்ஸ்காரர் மாதிரியே இருந்தார். கோத் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று பூஸ்பெக்குக்குத் தோன்றியது. அவருக்கு மொழி மறந்துபோயிருந்தது. மற்றவர் குட்டையானவர், கறுத்தவர், பிறப்பால் கிரேக்கர். அந்த மக்களோடு பழகிப் பழகி அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டவர். வீடு, மழை, ரத்தம், சகோதரன் என்று ஏறத்தாழ எண்பது கோத் சொற்களைப் பூஸ்பெக் எழுதிக்கொண்டது அந்தக் கிரேக்கரிடமிருந்துதான்.